பயத்தில் கேட்டது

அண்ணன் மகள் திதிமே ஞானஸ்நானம் கேட்டபோது நான் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். அலெக்சாந்திரியாவில் கோடை முடியும்போது ஏரிப் பக்கமிருந்து வரும் காய்ச்சல்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதில் விழுந்து எழுந்தவர்கள். அதனால் வீட்டில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. அவள் மட்டும் பயந்தாள்.

"அப்பா, சபைக்கு ஆள் அனுப்புங்கப்பா. எனக்கு இப்பவே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லுங்க."

என் அண்ணன் நிகாந்தர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார், தத்துவவாதிகள் போடும் அந்த முரட்டு மேலங்கியோடு. கிறிஸ்தவரான பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. கிரேக்கர்களின் ஞானமெல்லாம் கடைசியில் நம் வாசலுக்குத்தான் வந்து சேரும் என்பார். அண்ணி போன பிறகு அவருக்கு இரண்டே பிடிப்பு, மகளும் வாதமும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். சாப்பிடும் கை காயக் காய அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருப்பார்கள்; நான் ஒரு சத்தம் போட்டால்தான் சாப்பாடு உள்ளே இறங்கும்.

"பயத்துல கேக்குறியாம்மா?"

"ஆமாப்பா. பயமாத்தான் இருக்கு."

"அப்ப வேணாம். காய்ச்சல் விடட்டும். தெளிஞ்சு, உன் இஷ்டமா கேளு. பயந்து வர்றவங்க கடவுள்கிட்ட வரல, நெருப்புக்குத் தப்பி ஓடுறாங்க."

ஆண்டுக்கணக்காகச் சபையில் அவர் போதித்துவந்தது இது. கடவுள் சாட்டையைக் காட்டி அடிமைகளைக் கூப்பிடுவதில்லை, சுதந்திரமாக வருகிறவர்களுக்குக் காத்திருக்கிறார். மறுமையின் நெருப்புகூட மருந்துதான், கடைசியில் ஒருத்தரும் வெளியே நிற்கப்போவதில்லை. அவர் சொல்லிக் கேட்டால் எனக்குக் கண்ணீர் வந்துவிடும், அவ்வளவு அழகாகச் சொல்வார்.

அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. "அண்ணா, உங்க பாடத்த அப்புறம் வச்சுக்குங்க. புள்ள கேக்குது. நான் போய் சபை மூப்பரக் கூட்டிட்டு வரேன்."

"உக்காரு மெலித்தே. ரெண்டு நாள்ல எந்திரிச்சு என்கூட மல்லுக்கட்டப்போறா பாரு."

திதிமே சிரித்தாள். வெடித்த உதட்டோடு சிரித்தாள். "சரிப்பா, தெளிஞ்சே கேக்குறேன்" என்றாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு. பொழுது சாயும் முன்பே ஜன்னி கண்டுவிட்டது. அண்ணன் தெருவில் ஓடினார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மூப்பரை இழுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது நான் அவள் கண்களை மூடியிருந்தேன்.

ஞாயிறுதோறும் அப்பத்தை எடுத்து ஜெபிக்கும்போது இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வது எங்கள் சபை வழக்கம். ஞானஸ்நானம் பெற்று இறந்தவர்களின் பெயர்கள் மட்டும். அண்ணன் ஆயரிடம் போனார், நானும் கூடப் போனேன். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு தடவை அவ பேரச் சொல்லுங்க. அது போதும்."

ஆயருக்கும் கண் கலங்கியிருந்தது. "ஐயா, சாவுக்குப் பயந்து கேக்குறவங்களுக்கு அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு இங்க வாதாடினது நீங்க. சாயக்காரர் சாகக் கெடந்து கேட்டப்ப நாம கொடுக்கல. அவர் போய்ச் சேந்தப்புறம் சம்சாரம் தூயா வந்து, பேரையாவது சொல்லுங்கன்னு அழுதாளே, அவகிட்ட என்ன சொன்னீங்க? பேரச் சொல்லாட்டி என்னம்மா, கடவுளுக்குத் தெரியாதான்னு சொன்னீங்க. இப்ப உங்க பொண்ணு பேரச் சொன்னா, தூயா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

வீட்டுக்கு வந்தோம். எனக்கு அவர்மேல் ஆத்திரம், அடித்துவிடலாமா என்றுகூட இருந்தது. பருப்புக் கஞ்சியை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு போதனை முடிந்ததும், "கேட்போர் வெளியே போகலாம்" என்று திருத்தொண்டர் குரல் கொடுத்தார். ஞானஸ்நானம் ஆகாதவர்கள் எழுந்து போக வேண்டும். கதவைச் சாத்திய பிறகுதான் அப்பம். பெண்கள் வாசலைப் பார்த்துக்கொள்வது விதவையான என் வேலை. "நல்லாச் சாத்திக்க அத்தை, எட்டிப் பாத்துடப்போறேன்" என்று கேலி பேசிக்கொண்டே திதிமே வாராவாரம் என்னைத் தாண்டிப் போவாள்.

போதகர்கள் வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். ஆண்கள் வாசலுக்குப் போகவில்லை. பெண்கள் நடுவே நடந்து வந்தார். அவர்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

"அண்ணா, உள்ள போங்க. நீங்க எங்க போறீங்க?"

"அவ போற எடத்துக்கும்மா" என்றார்.

வெளிமுற்றத்தில் சுவரோரம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத்தான் நிழல் இருந்தது. அதில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் கதவை இழுக்கும்போது யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். சாயக்காரர் மனைவி தூயா. ஞானஸ்நானம் ஆனவள், உள்ளே இருக்க வேண்டியவள். என்னைத் தாண்டி வெளியே போனாள். நேராகப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

உள்ளே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே மெல்ல வெயிலுக்கு நகர்ந்து, நிழலை அவளுக்கு விட்டார். அவள் இன்னும் உட்காரவில்லை.