முடியக் கூடாத வேலை

கிள்ளான் ஆற்றோரத்துப் பழைய கோர்ட்டுக் கச்சேரியைப் பழுதுபார்க்க எங்களை அனுப்பினார்கள். வேலை முடிகிறவரை கூலிகள் அங்கேயே குடியிருக்கலாம். மண் சுமக்கும் மாரியாயியான நான், நீதிபதி உட்காரும் மேடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினேன். என் தங்கை இராஜம்மா அப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தாள்.

மாசக் கடைசியில் வேலை முடிந்துவிடும், அடுத்தது செமினி ரோட்டு வேலை என்றார் கங்காணி ரெங்கசாமி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செமினி ரோட்டுக் கூடாரத்தில்தான் இராஜம்மா முதல் பிள்ளையைப் பெற்றாள். மழை ஒழுகி, ஜன்னி கண்டு, தீட்டுக் கழியுமுன்னே பிள்ளை போய்விட்டது. இந்த மனுசருக்குத் தெரியாதா என்ன? குழி வெட்டியதே இவர்தானே.

"பிள்ளை பொறக்கிற வரைக்கும் இந்த வேலை முடியக் கூடாதுண்ணே," என்றேன்.

கங்காணி தலையைச் சொறிந்தார். மறுநாள் வேலையை மேற்பார்க்கும் வெள்ளைக்காரத் துரை வந்தபோது, நன்றாயிருந்த சுவர் ஒன்றைத் தட்டிக் காட்டி, சத்தம் சரியில்லை என்றார். துரையும் காதை வைத்துக் கேட்டுவிட்டு உடைக்கச் சொன்னார். அப்புறம் தரை. அப்புறம் கதவு நிலை. ஒவ்வொன்றுக்கும் கோலாலம்பூரிலிருந்து கூடுதல் பணம் வந்தது. பழைய கட்டிடம் என்றால் இப்படித்தான் என்று துரையே எங்களுக்குச் சமாதானம் சொன்னார். பாவம், நல்ல மனுசன்.

வேறொன்றும் அகப்படாமல், கங்காணி ஒருநாள் கூரையின் பெரிய உத்திரத்தைக் காட்டினார். துரை ஏணியில் ஏறி உளியால் குத்தினார். உளி கைப்பிடிவரை இறங்கியது. உள்ளே முழுக்கக் கரையான். நாங்கள் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

கட்டிடம் எந்நேரமும் விழும், எல்லாரும் இப்போதே வெளியேற வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இராஜம்மாவுக்கு அந்த நேரம் பார்த்தா வலி எடுக்க வேண்டும்!

"அவ எங்கேயும் வரமாட்டா. பயமா இருக்கிறவங்க போங்க," என்றேன்.

ஒருத்தரும் போகவில்லை. ஆட்கள் சாரக் கம்புகளால் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடித்தபடி நின்றார்கள். இராஜம்மாவின் புருசன் அய்யாவு நடுக் கம்பைப் பிடித்தான். துரை முதலில் கத்தினார். பிறகு ஒரு கம்பு ஆடுவதைப் பார்த்து, தானே போய் அதைப் பிடித்துக்கொண்டார், அவரும் சுவரைப் பார்த்தபடி.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்பிள்ளை பிறந்து வீறிட்டது. உத்திரத்திலிருந்து மரத்தூள் கொட்டியது. முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு அழுதேன். வெளியே மழை விட்டிருந்தது.

கங்காணி அப்போதும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டார்: "மாரியாயி, இனிமே வேலைய முடிச்சிடலாமா?"