டிரைவ்வேயில் இருந்து கடலுக்கு

மல்வேர்னில் எங்கள் வீட்டு டிரைவ்வேயிலேயே, காரில் இழுத்துப்போய்ப் படுத்தெழும்பும் ரெயிலர் வண்டியை நிறுத்தி, வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் என் மனுசன் இக்னேசியசும் அதற்குள் குடியேறினோம். இரண்டு இரவு. வீட்டுக் கரன்ட்டைத் தொடக்கூடாது. ரெயிலரின் கூரையில் இருக்கும் சோலார் தகடும் ஒரு பற்றரியும்தான்.

பக்கத்து வீட்டு ஜெயமலர் வேலியால் எட்டிப் பார்த்தாள். "என்ன கிளடிஸ் அக்கா, அண்ணையை வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டியளோ?"

"ஓம். பாவமெண்டு நானும் கூட வந்திட்டன்," என்றேன். அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

விசயம் இதுதான். என் மனுசனுக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும். இரவு முழுக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் மெசின் இல்லாமல் படுக்கவே கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆனால் அவருக்கோ நோவா ஸ்கோசியாவில், கரன்ட் இல்லாத ஒரு கரையில் ரெயிலரைப் போட்டுக் கடல் பார்க்க வேண்டும். மகள் மெலனி ஒரே பிடியாக நின்றாள்.

"முதல்ல டிரைவ்வேயில செய்து காட்டுங்கோ அப்பா. ரெண்டு ராத்திரியும் மெசின் ஓடினா போங்கோ. இல்லாட்டி ரெயிலரை விக்கிறம்."

முதல் இரவு மெசின் ஒழுங்காக ஓடியது. நான்தான் கண்ணே மூடவில்லை. மறுநாள் வானம் ஒரே மப்பு; தகட்டில் வெயிலே படவில்லை. ஒன்றையும் போடாமல், தேத்தண்ணியைக்கூடக் காஸ் அடுப்பில் வைத்துக் குடித்தோம். அப்படியிருந்தும் பின்னேரம் பார்த்தால் பற்றரி மீற்றர் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது.

இக்னேசியஸ் மீற்றரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் இருக்கைக்குக் கீழே ஏதோ இரைவது கேட்டது. பற்றரிக் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றுகிற இன்வேட்டர். மெசின் நேரே பற்றரியில் ஓடுவது. இந்தப் பெட்டிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. அதிலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். தலைமாட்டுத் திரைக்குப் பின்னால் எங்கள் வீட்டில் இருந்த ஆண்டவரின் திருஇருதயப் படம், அதன் சிவப்பு பல்ப் எரிந்தபடி.

"இதார் பார்த்த வேலை?"

"நீர் ராத்திரி ஒரு பொட்டும் நித்திரை கொள்ளேல்லை. உந்த லைற் இல்லாமல் உமக்கு நித்திரை வராதெல்லோ. அதுதான் காலமை வீட்டுக்குள்ள போய் எடுத்துக்கொண்டு வந்தனான்." பிறகு மெல்ல, "சின்ன பல்ப்தானே," என்றார்.

"பல்ப் சின்னன்தான். அதுக்காகப் பகல் முழுக்கக் கரன்ட்டைக் குடிச்சுக்கொண்டு இரையிற பெட்டி சின்னனே? உங்கட மூச்சை எடுத்து எனக்கு விளக்குக் கொளுத்துறியளோ?"

ஏச வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. முப்பது வருசமாக வீட்டில் அணைய விடாத பல்ப்பை நானே கழற்றினேன். இன்வேட்டரையும் நிறுத்தினேன்.

"ஆண்டவருக்கு இருட்டிலயும் கண் தெரியும். உங்கட மெசினுக்குத்தான் கரன்ட் வேணும். படுங்கோ."

அன்றைக்கு இருட்டில் அந்த மெசினின் மூச்சு ஒன்றுதான் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நான் நித்திரையாகிவிட்டேன்.

விடிய அவர்தான் என்னைத் தட்டி எழுப்பினார். மீற்றர் அடிமட்டத்தில். ஆனால் மெசின் நிற்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டு நின்றார்.

நான் நேரே வேலியடிக்குப் போனேன். "ஜெயமலர், நாங்கள் கடல் பாக்கப் போறம். என்ர கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணி ஊத்துவீரோ?"

"அப்ப அண்ணையையும் கூட்டிக்கொண்டு போறியளோ?"

"ஓம். அவற்ற மெசின் இரையாட்டி எனக்கு நித்திரை வராது."