ஆள் ஏறிய பிறகு எடுக்கும் அளவு

வேகத்தடையைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பகல் பதினொரு மணி, வெள்ளைப் பட்டை புதிதாக அடித்திருந்தார்கள், என் மூக்குக்கண்ணாடியும் போன மாதம் மாற்றியதுதான். பார்த்துவிட்டு, நான்கு அங்குலம் தாழ்த்திய வண்டி எவ்வளவு மெத்தென்று ஏறி இறங்குகிறது என்று அண்ணனுக்குக் காட்டலாமே என்றுதான் பிரேக்கில் கால் வைக்காமல் விட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது முன்பக்கத்தில் இரும்புக் கதவை எட்டி உதைத்தது போல ஒரு சத்தம். வண்டி எங்கள் இருவரையும் தூக்கி, மறுபடி உட்கார வைத்தது. டாஷ்போர்டு பெட்டி தானாகத் திறந்து ஒரு ஸ்பேனரும் அழுக்குத் துணியும் அண்ணன் மடியில் விழுந்தன.

நான் விழுந்த பொருட்களைப் பார்த்து ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை, நினைவிருந்தாலும் எழுத மாட்டேன். அண்ணன் இரண்டு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றி, கண்ணை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்து எட்டு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கல்லாமல் அவர் வெளியே வந்தது அன்றுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்து, ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் முன் சக்கரத்துக்கு மேலே ஏதோ ஒன்று லொட லொட என்று அடித்துக்கொண்டே வந்தது. அதைக் கேட்காதவர்கள் போல இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்தப் பிக்கப் வண்டிக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம். உருண்டை விளக்கும் பெரிய மூக்குமாக, இப்போது தெருவில் நிறுத்தினால் போகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஜாதி. அண்ணன் அதில் முப்பது வருஷம் ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்கினார். ஆள் உயரக் கண்ணாடிகளைச் சட்டத்தில் சாய்த்துக் கட்டி, குழிக்குக் குழி கெஞ்சிக் கூத்தாடி ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். அப்படிப்பட்டவரைத்தான் நான் வேகத்தடையில் தூக்கிப் போட்டேன்.

வண்டியை எதற்குத் தாழ்த்தினாய் என்று கேட்டவர்களிடம், பழைய வண்டியைத் தரையோடு தரையாக ஓட்டுவதுதான் இப்போது மோஸ்தர் என்று சொல்லிவைத்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மோஸ்தர் ஆசை வந்திருப்பதாக நம்புவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. நிஜம் என்னவென்றால், அந்த கேபின் உயரம். ஒரு காலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பற்றி, உடம்பை மேலே இழுக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மாதத்தில் அண்ணன் வாசலில் நின்ற வண்டியிடம் போய், கதவைத் திறந்து, படியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன். என் தையல் கடை எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. ஒரு தையல்காரனுக்கு உயரம் அதிகமான ஒன்றைக் கண்டால் என்ன தோன்றும்? வெட்டிக் குறைக்கத் தோன்றும். முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கிரைண்டர் வாடகைக்கு எடுத்து, ஒன்றரைச் சுற்று வெட்டி மாட்டினேன். பின்பக்கத்துக்கும் அதற்கேற்ற ஏதோ ஒன்று செய்தேன். உட்காரும் இடம் அண்ணன் இடுப்புக்குச் சரியாக வந்துவிட்டது. ரொம்பப் பெருமையாக இருந்தது, பன்னிரண்டு நாள்.

வேகத்தடைக்குப் பிறகு அண்ணன் நான்கு நாள் படுத்தே இருந்தார். ஆபரேஷனில் தைத்ததை நான் பிரித்துவிட்டேனோ என்று எனக்குள் ஒரே உதறல். காலையில் ஒரு தடவை, கடை சாத்தியதும் ஒரு தடவை போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விசாரிப்பேன். விசாரிப்பது என்றால், முதலாளிக்கு ஸ்டீயரிங் ஞாபகம் வந்ததா, வண்டி உங்களைக் கேட்டு அழுகிறது, இந்த மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே "பாக்கலாம்டா" என்பார். வலிக்கிறதா என்றால் "ஒண்ணுமில்ல." டாக்டரிடம் போகலாமா என்றால் "போலாம், போலாம்." எட்டு மாதமாக எதைக் கேட்டாலும் அந்த மூன்று பதில்கள்தான். ஐந்தாவது நாள் அண்ணி என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பு மாட்டும்போது சொன்னார்:

"நீங்க எதையுமே சிரிப்புல சுத்தித்தான் கேக்கறீங்க தம்பி. அவரும் அதப் பிரிக்காம அப்படியே திருப்பிக் குடுத்துடறாரு."

அண்ணி துணியைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னார். நானும் அதற்கு ஒரு ஜோக் சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வெல்டர் அக்காவின் ஷெட்டுக்குப் போனேன். வயதில் எனக்கு அக்கா இல்லை, என்னைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் லாரி ஓட்டுகிற கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்கச் சாக்பீஸில் எழுதி அழித்த எண்கள். அவள் சட்டையின் கை ஓரமெல்லாம் நெருப்புப் பொறி பட்டு நெல்மணி அளவில் ஓட்டைகள். ஒட்டுப் போட்டுத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் சக்கரத்தைக் கழற்றி உள்ளே தலையை விட்டிருந்தாள்.

"இந்த ஸ்பிரிங்க யாரு வெட்டினது?"

நான்தான் என்றேன்.

"எதால? கத்தரியாலயா?"

குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருந்த மவுண்ட், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு ஒட்டியிருந்த இடத்தில் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் லொட லொட. அவள் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஸ்பிரிங்கைக் குறைத்தால் சக்கரம் சேஸிஸுக்கு நெருங்கி வந்துவிடும். ஆனால் நடுவில் நிற்கும் ஷாக் பழைய நீளத்திலேயே இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே அது முக்கால்வாசி அமுங்கிப்போயிருக்கும். மிச்சம் ஒரு அங்குலம். மேடு ஏறி இறங்கினால் அந்த ஒரு அங்குலமும் தீர்ந்துபோய், அப்புறம் அது ஷாக் இல்லை, வெறும் இரும்புத் தடி. அடி நேராக மவுண்டுக்கு, அங்கிருந்து சேஸிஸுக்கு, அங்கிருந்து சீட்டுக்கு. அங்கிருந்து எங்கே போயிற்று என்று நான் சொல்லவில்லை.

மேல் மவுண்டை வெட்டி எடுத்து, சேஸிஸுக்கு மேலே உயர்த்தி, கெட்டியான தகட்டில் புதிதாக ஒன்று செய்து வைப்பாளாம். ரொம்ப ஏற்றினால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுக்க இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். ஏற்றாவிட்டால் பழைய கதை. நிற்கும்போது ஷாக் பாதி நீளத்தில் இருக்க வேண்டும். அந்தப் பாதி எங்கே என்பதற்கு வண்டி தரையில் நின்று, ஆள் ஏறிய பிறகுதான் அளவு எடுப்பாள்.

"வெறும் வண்டில அளந்தா, வெறும் வண்டிக்குத்தான் சரியா இருக்கும். அதுவும் நீங்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டல. அரை விரல் வித்தியாசம். கனமான ஆளு எந்தப் பக்கம்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்த அதுக்கேத்த மாதிரி ஏத்தறேன்."

எனக்குக் காது சுட்டது. ஆளை நிற்கவைத்து, செருப்பைப் போடச் சொல்லி, மூச்சை விடச் சொல்லி அளவெடுக்காமல் நான் ஒரு பேன்ட்கூட வெட்டியதில்லை. வண்டியை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து, ஆளே இல்லாமல் அளந்து வெட்டியிருக்கிறேன்.

கனமான ஆள் அண்ணன். படுத்திருந்த எட்டு மாதத்தில் தொண்ணூறு கிலோ ஆகிவிட்டார். நானோ ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி. ஓட்டப்போவது அண்ணன்தான் என்று சொன்னேன். அவரே சொன்னாரா என்று கேட்டாள். அவரை எதற்குத் தொந்தரவு செய்வது, அவர் எடைக்கு மணல் மூட்டை வைத்து அளந்துகொள்ளலாமே என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாள். நான் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் அடுக்கினேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மூட்டைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க ஏதோ போல இருந்தது. இறக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அது இன்னும் மோசம். அங்கே வைத்தால் அவர் இனி ஓட்ட மாட்டார் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டது போல. மறுபடி டிரைவர் சீட்டுக்கே ஏற்றினேன். டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"டெய்லர், மூட்டைக்கு எந்தப் பக்கம்னு தெரியாது. ஆளக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் வாடகைக் கார் வைத்துக் கூட்டி வந்தேன். அண்ணிதான் ஏற்றிவிட்டார். அக்கா அதற்குள் புதிய மவுண்டை வெட்டி, வளைத்து, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்துத் தற்காலிகமாகப் பிடித்திருந்தாள். சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கியிருந்தாள். அண்ணன் கைத்தடியை ஊன்றி வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். பானெட்டுக்குள் குனிந்து அவள் வேலையைப் பார்த்துவிட்டு, தகடு எத்தனை கனம் என்று கேட்டார். ஆறு மில்லி என்றாள். தலையாட்டினார். பிறகு வண்டியின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அங்கிருந்து இரண்டு கதவும் ஒரே தூரம்.

என் வாயில் மூன்று ஜோக் தயாராக நின்றன. இதில் எதைச் சொன்னாலும் அவர் "பாக்கலாம்டா" என்பார், நான் மூட்டைகளைத் தூக்கப் போவேன். அக்கா டேப்பை நீட்டிப் பிடித்தபடி தரையில் மண்டியிட்டுக் காத்திருந்தாள்.

"அண்ணா, விளையாட்டுக்குக் கேக்கல. நீ எந்தப் பக்கம் உக்காருவ?"

அவர் வண்டியைத்தான் பார்த்தார்.

"இடது கால்ல முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே தெரியலடா. கிளட்ச்ச மிதிக்கறேனா, தரைய மிதிக்கறேனான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"நான் அன்னிக்குப் போட்ட போடுலயா?"

"இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சப்பவே அப்படித்தான். உன்னால நாலு நாள் உக்கார முடியல, அது நெசம். கால் உன்னால இல்ல. சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வண்டிய வெட்டிட்ட. இனிமே நான் ஓட்டறதா இல்லடா. நீ ஓட்டு. நான் பக்கத்துல வரேன்."

நான் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டேன். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலது காலை உள்ளே வைத்துத் திரும்பினார். பிறகு இடது முழங்காலுக்கு மேலே பேன்ட் துணியை இரண்டு விரலால் கொத்தாகப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அந்த இடத்தில் துணி தேய்ந்து, வெளுத்து, பிடித்த வாக்கிலேயே மடிப்பு விழுந்திருந்தது. அது நான் தைத்த பேன்ட்.

வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரல் அளவு மெதுவாக இறங்கி நின்றது. கீழேயிருந்து அக்கா, டெய்லர், நீங்களும் ஏறுங்க என்றாள்.