செத்தவன் அசையக் கூடாது

நான் பிணமாகப் படுக்க மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சங்கரநாராயணன் சார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர், எங்கள் ஊர்க்காவல் படைக்குக் கமாண்டர். இரண்டு இடத்திலும் ஒரே விசில், ஒரே அதட்டல். எங்கள் ஊர்க் கோயில் ஆடித் தபசுக் கூட்டத்தில் நெரிசலாகி நாலு பேர் மிதிபட்டால் என்ன செய்வது என்று அந்த வருஷம் ரதவீதியில் ஒத்திகை நடத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம். திருநெல்வேலியிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். கயிறு பிடிக்கலாம், ஸ்ட்ரெச்சர் தூக்கலாம், மைக்கில் பேசலாம், எத்தனையோ வேலை கிடந்தது. எனக்குக் கொடுத்தது இது.

"வே உச்சிமாகாளி, உம்மள விட்டா ஆளு இல்ல. மத்தவனுவ படுத்த உடனே சிரிச்சுருவானுவ. உமக்குத்தான் சிரிப்பே வராதே" என்றார்.

அது என்ன பேச்சு? எனக்குச் சிரிப்பு வராது என்று யார் கண்டது? கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிடும், அவ்வளவுதானே. இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் விசிலை ஊதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்கு மேக்கப் போட்டவன் தாவீது. என் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறான், சின்ன வயதிலிருந்தே சேக்காளி. ரத்தத்துக்குக் குங்குமத்தைக் குழைத்துப் பூசு என்றால் கேட்கிற ஆளா? கடையில் தேதி போன இருமல் மருந்து சிவப்பாக நிறைய இருக்கிறது என்று நெற்றியிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஊற்றிவிட்டான். கழுத்தில் கறுப்பு அட்டை ஒன்றும் மாட்டினான். காயம்பட்டவனுக்குச் சிவப்பு அட்டை, செத்தவனுக்குக் கறுப்பு.

"மொதச் சங்கு ஊதுனா படுக்கணும். ரெண்டாவது சங்கு ஊதுத வரைக்கும் அசையக் கூடாது. செத்தவன் அசைஞ்சா நம்ம மானம் போயிரும், பாத்துக்கிடும்" என்று சார் எல்லோர் முன்னாலும் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

சங்கு ஊதியது. படுத்தேன். காலை வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டதும் காதுதான் வேலை செய்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "ஏலே, நம்ம சைக்கிள் கடை மாகாளி செத்துட்டாருடோய்!" என்று ஒருத்தன் கத்த, நாலு பேர் கைதட்டினார்கள். இருமல் மருந்தின் இனிப்புக்கு எறும்பு வர ஆரம்பித்தது. முதலில் ஒன்று வந்தது, அது போய்ச் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

சும்மா கிடந்தால் மனசு சும்மா இருக்குமா? அக்கா ஞாபகம் வந்தது. வள்ளித்தாய், குருவிகுளத்தில் வாக்கப்பட்டவள். அவள் மகள் முத்துமாரிக்கு ஆவணியில் கல்யாணம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தாய்மாமன் நான் கல்லு மாதிரி இருக்கும்போது, பெரியப்பா மகன் செல்லச்சாமி பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரப் போகிறானாம். கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்க் கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது? பேச்சுவார்த்தை நின்று பதினாலு வருஷமாகிவிட்டது.

எல்லாம் முத்துமாரிக்கு ஐந்து வயதில் நடந்த காதுகுத்தில் வந்த வினை. மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? விடியுமுன் சைக்கிளில் கிளம்பினேன். பாதி வழியில் உடைமுள் குத்தி டயர் இறங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவன், அன்றைக்கென்று பம்பும் இல்லை, ஒட்டும் இல்லை. உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிள்ளை செல்லச்சாமி மடியில் காது குத்தி முடித்து அழுதுகொண்டிருந்தது. நேரம் தப்பிவிடும் என்று பார்த்தார்களாம். "சைக்கிள் கடைக்காரனுக்கே பஞ்சரா!" என்று பந்தலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். கை நனைக்காமல் திரும்பிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த நேரத்தில்தான் கயிற்றுப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ... என் பொறந்த பொறப்பே!"

அக்கா! அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். கல்யாணச் சேலை எடுக்க வந்து பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். எவனோ ஒரு கேலிக்காரன், மாகாளி ரதவீதியில் செத்துக் கிடக்கிறான் என்று அவள் காதில் விழச் சொல்லியிருக்கிறான். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து என் தலைமாட்டில் தொப்பென்று விழுந்தாள்.

"ஏம்மா, இது ஒத்திகைம்மா" என்று யாரோ சொன்னார்கள். அது அவள் காதில் ஏறவில்லை. ஒப்பாரி எடுத்துவிட்டாள்.

"சைக்கிளு மணி கேக்கும்னு சாலையப் பாத்திருந்தேன்
சாஞ்சு கிடக்கியே என் சாமி தந்த தம்பியே..."

அதிகாரி ஒருவர், "பேஷ், சொந்தக்காரங்க வந்தா எப்படிச் சமாளிக்கணும்னுகூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே!" என்பது கேட்டது. சங்கரநாராயணன் சார் தொண்டையைக் கனைத்தார். பிறகு, "ஆமா சார், எதையும் விடக்கூடாதுல்லா" என்றார். பாவி மனுஷன். அதற்குப் பிறகு அவளை யார் தடுப்பார்கள்?

"கெடா அறுத்து ஆக்கிவச்சு கெழக்க பாத்திருந்தேன்
கை நனைக்காமப் போனியே என் கண்ணான தம்பியே..."

கிடாவா? அன்றைக்குப் போட்டது பருப்பும் பூசணிக்காயும். பந்தலில் என் மூக்கால் மோந்துவிட்டுத்தானே வந்தேன்! உதட்டைக் கடித்துக்கொண்டேன். செத்தவன் அசையக் கூடாது. எறும்பு ஒன்று மூக்கோரம் ஏறியது.

"முன்கோபக்காரா, முட்டாப் பயலே, மூஞ்சியத் தூக்குனவனே
ஒரு வார்த்த வந்து கேட்டியாலே, ஓடியாந்திருப்பேனே..."

நான் வந்து கேட்பதா? சிரித்தது யார்? தொண்டை வரை வந்த பதிலை முழுங்கினேன். ஆனால் அவள் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்து, இருமல் மருந்தோடு சேர்ந்து வாயோரம் வழிந்தது. உப்பும் இனிப்புமாக இருந்தது. எனக்கும் மூடின கண்ணுக்குள்ளே தண்ணீர் முட்டியது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தாள்.

"மணவறைக்கு எம்மகள மாமன் வந்து கூட்டணுமே
கையப் பிடிச்சுக் கூட்டியார யாரிருக்கா, யாரிருக்கா..."

"நான் இருக்கேம்லாக்கா!"

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதோடு எழுந்தும் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா ராகத்தோடே இன்னும் பாதி அடி பாடினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் சிவப்பு, முகமெல்லாம் எறும்பு, கழுத்தில் கறுப்பு அட்டை. ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள், அதற்குப் பிறகு கையிலிருந்த மஞ்சள் பையாலேயே அடி விழுந்தது. தோளில், முதுகில், கை போன இடத்திலெல்லாம்.

"சாகாமலா கிடந்தே? சாகாமலா கிடந்து என்னையப் பாட விட்டே? நாசமாப் போற பயலே, என் உசுரு போயிட்டு வந்துட்டுல்லா!"

"செத்தவன் அசையுதான், செத்தவன் அசையுதான்!" என்று சங்கரநாராயணன் சார் விசிலை ஊதினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த தாவீது அதைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்தான்.

"விடுக்கா. அதான் தம்பிகிட்ட பேசியாச்சுல்லா. இனி என்ன?"

அக்கா சட்டென்று அடியை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"தாவீது, நல்லாக் கேட்டுக்கோ. நான் பேசுனது செத்துப்போன என் தம்பிகிட்ட. உசுரோட இருக்கவன்கிட்ட எனக்குப் பேச்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

பையை உதறித் தோளில் போட்டாள். எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினாள். போய்விடுவாள். போனால் இன்னொரு பதினாலு வருஷம். என் குணமும் தெரியும், அவள் குணமும் தெரியும், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

நான் மெல்லப் பின்னால் சாய்ந்தேன். தார் ரோட்டில் தலையை வைத்து, காலை நீட்டி, கறுப்பு அட்டையை நெஞ்சின்மேல் நேராக வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

கூட்டம்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டது. போய்விட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் என் முகத்தில் வெயில் மறைந்தது. கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, மெதுவாக, அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"ஆவணி மொத முகூர்த்தம்... ஐயா என் தம்பியே...
மொத நாளே வந்துரணும்... மூஞ்சியத் தூக்காம...
பஸ்ஸப் பிடிச்சு வந்துரணும்... பாவிப் பயலே...
சைக்கிள்ல மட்டும் வந்துராத... சண்டாளா..."

இரண்டாவது சங்கு ஊதியது. காயம்பட்டவர்கள் எல்லாம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். "வே, முடிஞ்சிட்டு, எந்திரியும்" என்று சார் காலால் என் காலைத் தட்டினார். அக்கா பாடிக்கொண்டே முந்தானை நுனியால் என் காதோரத்து எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அசையவில்லை.