தீப்படுக்கை

லம்துவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது வீட்டில் தீ தயாராக இருந்தது. அவளுடைய அம்மா புவா புளியங்கட்டைகளைப் பிளந்து, மரக்கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கடியில் அடுக்கி மாதக்கணக்காகியிருந்தது. பிள்ளை பெற்றவள் தீயருகே படுக்க வேண்டும். கெட்ட ரத்தம் இறங்க வேண்டும், கருப்பை சுருங்க வேண்டும், பால் ஊற வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படிப் படுத்து எழுந்தவர்கள்தான்.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. பெண். லம்துவன் மயக்க மருந்திலிருந்து தெளிவதற்குள் அவள் புருஷன் தோங்தீ அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, விகாரைக்குப் பின்னால் மூங்கில் தோப்பில் புதைத்துவிட்டான். கண் விழித்தவளிடம் யாரும் அதிகம் பேசவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

"இதுக்கும் தீ போடணுமா அத்தை?" என்று தோங்தீ தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பெத்தாளா இல்லையா?" என்றாள் புவா. "புள்ள இருக்கா இல்லையான்னு உடம்புக்குத் தெரியுமா மாப்பிள்ளை? அழுக்கு ரத்தம் உள்ளயே தங்கிட்டா நாப்பது வயசுல இவளால எந்திரிச்சு நிக்க முடியாது."

அவன் பெண் வீட்டோடு வந்து இருக்கும் மாப்பிள்ளை. மாமியார் வீட்டு அடுப்பு விஷயத்தில் அதற்கு மேல் பேச அவனுக்கு இடமில்லை.

ஊர்ப் பெரியவர் கேன் வந்தார். ஏதோ முணுமுணுத்துத் தணலில் உப்பை வீசினார். இலையை மென்று தணல் மேலும் லம்துவனின் உள்ளங்கால் மேலும் ஊதித் துப்பினார். தீயின் விஷத்தை எடுப்பது என்று அதற்குப் பெயர். விஷம் போன தீ சூடு தரும், சுடாது. வழக்கமாக அது முடிந்ததும் பெற்றவளைப் பார்த்து, "அடுத்தது எப்ப?" என்று கேட்டுச் சிரிப்பார். அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

லம்துவன் தீயருகே மூங்கில் கட்டிலில் படுத்தாள். திரும்பு என்றால் திரும்பினாள். மருந்து வேர்களைப் போட்டுக் காய்ச்சிய வேர்த்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் குடித்தாள். ஒட்டரிசிச் சோறு, உப்பு, சுட்ட இஞ்சி; குளிர்ந்தது எதுவும் வாயில் படக்கூடாது. மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் புளிய இலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் அம்மா குளிப்பாட்டினாள். பிறகு ஆவி பறக்கும் பானை முன்னால் உட்கார வைத்துக் கம்பளியால் மூடினாள். வேர்வை கொட்டியது.

"பாத்தியா, எவ்வளவு கழிவு வருதுன்னு?" என்றாள் புவா, மகளின் முதுகைத் துடைத்துக்கொண்டே.

லம்துவன் துணியைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது அவளுக்கு.

உடோன் நகரத்திலிருந்து மூத்தவள் ராத்ரி வந்தாள். அங்கே உடம்பைச் சுத்தம் செய்து அனுப்பும் ஒரு கடையில் அவளுக்கு வேலை. பணக்காரர்கள் வந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சாறு குடித்துப் படுத்திருப்பார்கள்; குழாய் வைத்துக் குடலைக் கழுவுவார்கள். ஒரு பை நிறையக் கரி மாத்திரை, பச்சைப் பொடி, பேதி உருண்டை எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

"என்னம்மா இது, ஆளைப் போட்டு வாட்டுற? அவ என்ன கோழியா?"

"உன்னையும் வாட்டணும்னுதான் ஆசை. நீதான் ஒண்ணும் பெத்துக்க மாட்டேங்குறியே."

"வேர்வையில எல்லாம் விஷம் போகாதும்மா. எல்லாம் குடல்லதான் இருக்கு."

"உங்க கடையில வயித்துக்குள்ள காப்பி ஊத்துறீங்களாமே, கீழ வழியா?"

"ஆமா, ஊத்துறோம்."

"பால் விட்டா, விடாமலா?"

ராத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோங்தீகூடச் சிரித்தான். பிறகு மூவரும் கட்டிலைப் பார்த்தார்கள். அங்கே லம்துவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சிரிப்பு நின்றது.

அம்மா இலை பறிக்கப் போன நேரம் பார்த்து ராத்ரி கரி மாத்திரையையும் பேதி உருண்டையையும் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். "அம்மாகிட்ட சொல்லாத. குடலு சுத்தமானா மனசும் லேசாயிடும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்." லம்துவன் விழுங்கினாள். அம்மா வந்து வேர்த்தண்ணீரை நீட்டினாள், அதையும் குடித்தாள். வயிறு போக ஆரம்பித்தது. கெட்டது இறங்குகிறது என்று புவாவுக்கு நிம்மதி. விஷம் வெளியேறுகிறது என்று ராத்ரிக்கும் நிம்மதி. ராத்ரி கொடுத்தது புவாவுக்குத் தெரியாது. லம்துவனின் கன்னம் ஒட்டிப்போனது.

அப்புறம் பால் வந்தது.

ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்ததைப் புவா முதலில் வேர்வை என்றுதான் நினைத்தாள். தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலைக் கொண்டுவருவது தீதான், இஞ்சிதான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ராத்ரி பையைக் கவிழ்த்துத் தேடினாள். அதிலிருந்ததெல்லாம் வெளியே தள்ளுகிற மருந்து. வருவதை நிறுத்துகிற மருந்து ஒன்றுமில்லை. கடைசியில் புவா ஒரு நீளத் துணியை எடுத்து மகளின் மார்பை இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. தீயருகே படுக்க வேண்டிய நாள் கணக்கு முடியாததால் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் மத்தியானம் லம்துவன் கழிப்பறைக்குப் போக எழுந்தாள். முழங்கால் மடங்கியது. விழுந்தவளின் கெண்டைக்கால் கனன்ற கட்டையின் மேல் கிடந்தது. அவள் கத்தவில்லை. கீழே வலை பின்னிக்கொண்டிருந்த தோங்தீ கருகல் வாடை பிடித்துத்தான் மேலே ஓடி வந்தான். அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடையதோ போல.

அவளை இழுத்துப் போட்டான். தண்ணீர்ப் பானையைத் தூக்கித் தீயின் மேல் கவிழ்த்தான். வீடெல்லாம் புகையும் சாம்பலும்.

"தீய அணைக்கக்கூடாதுடா! அது தானா அவியணும்!" புவா அலறிக்கொண்டு வந்தாள். "பைத்தியமா உனக்கு?"

"இன்னும் இவ உடம்புலருந்து எடுக்க என்னத்த இருக்கு அத்தை?" தோங்தீ குரல் உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "வேர்வை எடுத்தீங்க, ரத்தம் எடுத்தீங்க. நானும் எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சுட்டு வந்தேன். போதும்."

ராத்ரி குவளையில் தண்ணீர் கொண்டுவந்து புண்மேல் ஊற்றினாள். "நானும் மாத்திரை குடுத்தேம்மா. அதான் அவளுக்கு நிக்க முடியல." புவா அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"எப்படி இருந்தா?" என்றாள் லம்துவன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி. புவாவுக்கும் ராத்ரிக்கும் புரியவில்லை. தோங்தீக்குப் புரிந்தது. அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தான்.

"தலை நிறைய முடி. நகமெல்லாம் வளர்ந்திருந்துச்சு. உதடு மட்டும் நீலமா, முசுக்கொட்டைப் பழம் தின்ன புள்ள மாதிரி."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது அவனுக்கு.

"கண்ணு?"

"தொறக்கலம்மா."

"யாரு சாயல்?"

"அத்தை சாயல்தான். நெத்தி அப்படியே."

புவா நனைந்த சாம்பலில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ராத்ரி அவளைப் பிடித்துக்கொண்டாள். லம்துவன் அழவில்லை. பக்கத்து வயலில் பெய்யும் மழையைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் காலுக்குக் கட்டுப் போட்டு, தினமும் வரச் சொன்னாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். பால் வற்ற நாளானது, அதுவரை வலித்தது. ராத்ரி மிச்ச மாத்திரைகளோடு உடோனுக்குத் திரும்பிப் போனாள். புவா எரியாத கட்டைகளைச் சோறு வேகவைக்க எடுத்துக்கொண்டாள்.

நாற்று நடவுக்கு முன்னால் நால்வரும் விகாரைக்குப் போனார்கள். இறந்தவருக்குப் புண்ணியம் சேர்க்கும் சடங்கு. அதற்கென்று ராத்ரியும் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். பிக்கு தட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, "யார் பேருக்கு?" என்று கேட்டார்.

பிள்ளைக்குப் பெயர் இல்லை.

"மோன்," என்றாள் லம்துவன். எங்கள் பேச்சில் முசுக்கொட்டைக்கு அதுதான் பெயர்.

தோங்தீ குனிந்துகொண்டான். பிக்கு பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஓதத் தொடங்கினார். புண்ணியம் பிள்ளையைப் போய்ச் சேர, லம்துவன் சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்தில் நூல்போலத் தண்ணீர் விட்டாள். அவள் தோளைத் தொட்டபடி உட்கார்ந்திருந்த புவா, மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கிண்ணத்துத் தண்ணீரை லம்துவன் மரத்தடியில் ஊற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

எதிரே ஐஸ் தண்ணீர் விற்கிறவன் நின்றிருந்தான். "ஏதாவது குடிக்கிறியா?" என்று ராத்ரி கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள். இரண்டு எட்டு நடந்துவிட்டு, "சரி, வாங்கு," என்றாள்.

பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தோங்தீயிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று புவா எல்லோரையும் வண்டியில் ஏறச் சொன்னாள்.