அட்டையும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்

வலியைப் பற்றி யாராவது நீட்டி முழக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் என் வலியை நாலு வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன். குடலில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். நோய் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் என் இரண்டு பாதங்களிலும் நெருப்பைக் கொட்டிவிட்டுப் போனது. போர்வை பட்டாலே எரியும். காலுறை போட்டால் கண்ணாடித் தூளை மிதிப்பது போலிருக்கும். மருந்து நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். அதற்கு அவர் கொடுத்த மாத்திரையில் நான் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கி வழிந்தேன். கால் மட்டும் விழித்தே இருந்தது.

நான் வாசில் ஹ்ரின்டா. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு ரிப்பேர் பார்த்தவன். பென்சில்வேனியாவில், கரி தோண்டித் தீர்ந்த மலைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். நவம்பர் கடைசியில் கொம்புமான் வேட்டை தொடங்குகிறது என்றால் இங்கே பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். அந்த முதல் நாளில் நானும் என் அண்ணன் மைரனும் நாற்பத்திரண்டு வருடமாக ஒரே மலைச்சரிவில், ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரிகிற தூரத்தில் நின்றிருக்கிறோம். போன வருடம் அரைமணி நேரம்கூட என்னால் நிற்க முடியவில்லை. தவழாத குறையாக வண்டிக்குத் திரும்பினேன். அண்ணன் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவன் கேலி பேசவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

கஞ்சாப் பேச்சை எடுத்தவள் என் மனைவி வெர்னா. தேவாலயச் சமையற்கட்டில், வெள்ளிக்கிழமை விற்பனைக்காகப் பெண்கள் உட்கார்ந்து பியரோகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு வைத்து ஓரம் கிள்ளும்போது கேள்விப்பட்டாளாம்.

"ஹெலனுக்கு முதுகுவலி இருந்துச்சுல்ல, இப்ப அதைத்தான் எடுத்துக்கறாளாம். திருட்டுத்தனமா இல்ல. சர்க்காரே அட்டை குடுக்குதாம்."

"கோயில்ல மாவு கிள்ளுற கூட்டம் கஞ்சாவைப் பத்திப் பேசுதா? வெளங்கிடும்!"

"எழுபத்தெட்டுல நீ ஆத்தங்கரையில என்னத்தை ஊதினேன்னு உங்க அண்ணன் நம்ம கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாரு. ரொம்ப யோக்கியனாட்டம் பேசாத, கிழவா."

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: செய்வதானால் காகிதத்தோடு செய்ய வேண்டும். மாலையில் வேட்டை நேரம் முடிந்தபின் ஒரு நிமிடம் கழித்துக்கூட நான் சுட்டவனில்லை. சட்டம் என்றால் எனக்குச் சட்டம்தான்.

வெர்னா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மாநில சுகாதாரத் துறையில் என் பெயரைப் பதிந்தாள். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற விலாசமே இதிலும் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் திருப்பி அடித்தது. பிறகு இதற்கென்று பதிவு செய்த டாக்டர் ஒருவரைத் தேடிப் போனோம். அவர் என் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் படித்தார். மருந்துச் சீட்டு எழுதவில்லை. சட்டத்தில் சொல்லியிருக்கிற நோய்களில் ஒன்று எனக்கு இருக்கிறது என்று சான்று மட்டும் கொடுத்தார். கட்டணம் கட்டினோம். இரண்டு வாரத்தில் தபாலில் அட்டை வந்தது, என் மூஞ்சி போட்டு. எல்லாப் படத்தையும் போல அதிலும் நான் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தேன்.

கடையில் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே பிரியெல் என்று ஒரு மருந்தாளுநர் பெண். என் பேத்தி வயசிருக்கும், ஆனால் பேச்சில் அப்படியொரு பொறுமை.

"இதைச் சுருட்டிப் புகைக்கக் கூடாதுங்க, நம்ம மாநிலத்துல அதுக்கு அனுமதி இல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாக்குக்கு அடியில இந்த எண்ணெய் ரெண்டே சொட்டு. மூணு நாள் அதே அளவு. பத்தலைன்னா ஒரு சொட்டு கூட்டுங்க. அவசரமே வேண்டாம். பகல்ல பாதத்துக்கு இந்தக் களிம்பு போதும்."

"சொக்கிக் கெடப்பேனா?"

"தூங்குவீங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க? இன்னொண்ணு, இது ரத்தத்துல இருக்கறப்ப வண்டி ஓட்டினா அட்டை இருந்தாலும் குத்தம்தான்."

"அப்ப என் டிரக்கை எவன் ஓட்டறது?"

வெர்னா சாவிக்குக் கையை நீட்டினாள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு ஆனந்தமாக நான் பார்த்ததில்லை. பிரியெல் அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள், ஒரு தாளும் கொடுத்தாள். டிரக் சாவி போன துக்கத்தில் நான் எதையும் காதில் வாங்கவில்லை. தாளை மடித்துப் பையில் போட்டதோடு சரி.

ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தேன். வெயில் ஏறியிருந்தது. போர்வை என் பாதத்தின் மேல் கிடந்தது, ராத்திரி முழுக்க அங்கேயேதான் கிடந்திருக்கிறது. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கியிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அந்தச் சொட்டைக் கண்டுபிடித்தவன், சட்டம் போட்டவன், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பெண், மாவு கிள்ளுகிற கிழவிகள் என்று வாய்க்கு வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன்.

கால் வந்துவிட்டது, வேட்டையும் வருகிறது. சந்தோஷத்தில் எனக்கு நானே ஒரு புது ரைஃபிள் வாங்கிக்கொள்ளத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரன் புத்தி வேறெங்கே போகும்? கடைக்காரர் கார்ல் வழக்கமான படிவத்தைத் தந்தார். வழக்கம்போல மடமடவென்று நிரப்பிக்கொண்டே வந்தவன் ஒரு கேள்வியில் நின்றேன். கஞ்சா உபயோகிக்கிறாயா? அதன் கீழே தடித்த எழுத்தில் இருந்தது: உன் மாநிலம் மருந்தாக அனுமதித்திருந்தாலும், மத்தியச் சட்டப்படி அது குற்றமே.

கார்ல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வாசில், உன்கிட்டயும் அட்டை இருக்கா?"

"மாநிலம் குடுத்த அட்டைய்யா அது! நான் என்ன திருடினேனா?"

"அட்டை குடுத்தது மாநிலம். இந்த ஃபாரம் குடுத்தது வாஷிங்டன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்ல. இல்லைன்னு பொய் எழுதினா ஜெயிலு. ஆமான்னு எழுதினா நான் விக்க முடியாது."

"வீட்ல இருக்கறதெல்லாம்?"

"அதையும் நீ வெச்சுக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து பிரியெல் கொடுத்த தாளைத் தேடியெடுத்துப் படித்தேன். துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று கடைசிப் பத்தியில் எழுதித்தான் இருந்தது. அட்டையை மேசைமேல் விசிறினேன்.

"அப்பாவோட ரைஃபிளை விட்டுக் குடுத்துட்டு எனக்கு ஒரு மருந்தும் வேண்டாம்!"

"ரெண்டு கால்ல நிக்க முடியாதவனுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று வெர்னாவும் கத்தினாள். "அதைச் சுவத்துல சாய்ச்சு வெச்சு நீ அதுமேல சாஞ்சுக்கவா?"

எனக்கு வீம்பு. அன்றே சொட்டை நிறுத்தினேன். நாலாம் நாள் பழைய நெருப்பு வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. வெர்னா என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு என் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைரன் வந்தான். நேராகத் துப்பாக்கி அலமாரிக்கு முன்னால் போய் நின்றான்.

"சாவியைக் குடுடா."

"முடியாதுண்ணே. அப்பா என்னை நம்பிக் குடுத்தது."

"அப்பா எப்படிச் செத்தாரு, ஞாபகம் இருக்கா? நுரையீரல் பூரா கரித்தூசி. படுக்க முடியாம நாற்காலியிலயே ரெண்டு வருஷம் உக்காந்திருந்தாரு. ஒரே ஒரு ராத்திரி நல்லாத் தூங்க வைக்கறேன்னு எவனாவது ஒரு சொட்டு குடுத்திருந்தா, இந்த ரைஃபிளோட சேர்த்து உன்னையும் தூக்கிக் குடுத்திருப்பாரு மனுஷன். குடுடா சாவியை!"

கொடுத்தேன். நான்கு துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றித் தன் வண்டியில் ஏற்றினான். கடைசியாக அப்பாவின் ரைஃபிளை எடுக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று இரவு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு படுத்தேன்.

வேட்டையின் முதல் நாள் வந்தது. விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன், நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். சமையலறையில் உட்கார்ந்து மலைப்பக்கமிருந்து வரும் முதல் வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அதில் ஒன்று அண்ணனுடையதாக இருக்கும் என்று நினைத்தபோது பொறாமையாக இருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. மைரன், வீட்டுச் சட்டையோடு, கையில் நீளமாக ஒரு பெட்டியோடு.

"காபி இருக்கா?"

"நீ மலைக்குப் போகலையா?"

"பக்கத்துல திட்டறதுக்கு ஆளில்லாம போரடிக்கும்." பெட்டியைத் திறந்தான். உள்ளே சக்கிமுக்கித் துப்பாக்கி. கல் உரசிப் பொறி பறந்து, வெடிமருந்து பற்றி வெடிக்கிற, கொள்ளுத்தாத்தா காலத்துச் சாமான். "வக்கீலைக் கேட்டுட்டேன். வாஷிங்டன்காரன் கணக்குல இது துப்பாக்கியே இல்லையாம், பழம்பொருளாம். கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் இதுக்குன்னே தனி சீசன் இருக்குல்ல? எனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்."

வெளியே மலையில் படபடவென்று வெடிச் சத்தம் கேட்டது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காபியை ஊதி ஊதிக் குடித்தான். அவன் தவறவிட்ட ஒரே முதல் நாள் அது. நான் அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம், நல்ல பனி. அன்று காலையில் பாதத்துக்குக் களிம்பு மட்டும் பூசிக்கொண்டேன். வெர்னா என் டிரக்கை ஓட்டி வந்து எங்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டாள். பழைய சரிவில், பழைய இடத்தில் நின்றோம். வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு பெட்டைமான், முப்பதடி தூரத்தில் வந்து நின்றது. குறி வைத்தேன், விசையை இழுத்தேன். கல் உரசியது, விசைக்கு மேலிருக்கும் சின்னக் கிண்ணியில் வெடிமருந்து புஸ்ஸென்று புகைந்தது, அவ்வளவுதான். குண்டு கிளம்பவே இல்லை. மான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து போனது.

மைரன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஜூலை நாலு சுதந்திர தின வாணவேடிக்கை முடிஞ்சிடுச்சா தம்பி? மான் கைதட்டாமப் போயிடுச்சே!"

"உன்னுதை நனையாம வெச்சிருக்கியா, மொதல்ல அதைப் பாருண்ணே!"

சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது.

"டேய், மூணு மணி நேரமா நிக்கறோம். கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?" என்றேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அண்ணன் சட்டென்று குனிந்து, தன் துப்பாக்கியின் நனையாத கிண்ணியைத் துடை துடை என்று துடைத்துக்கொண்டிருந்தான். கீழே ரோட்டில் வெர்னா என் டிரக்கின் ஹாரனை அடித்தாள். இருவரும் பனியில் இறங்கி நடந்தோம்.