முழங்காலுக்குக் காவல்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வீடு உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு மெஷின். ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனுஷருக்குச் சாப்பாடு இறங்கும். அந்த மெஷினில் ஆறு செயற்கை முழங்கால் மூட்டுகளைப் பூட்டி, மேலே பாரம் ஏற்றி, நொடிக்கு ஓர் அடி வீதம் மடக்கி நீட்டுவார்கள். ஐந்து லட்சம் அடிக்கு ஒருமுறை நிறுத்தி, மூட்டுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, கழுவி, காயவைத்து, எடை போடுவார். எடை எவ்வளவு குறைந்ததோ, தட்டு அவ்வளவு தேய்ந்திருக்கிறது. இருபது வருஷமாக அவர் பார்க்கும் உத்தியோகம் இதுதான்.

நான் வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். வலது முழங்கால் கெட்டுப்போனதும் என்னை ஸ்டாம்ப் விற்கும் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஒரு ஸ்டாம்ப் கேட்டு வந்தவர்களிடம்கூட எரிந்து விழுந்தேன். போன வருஷம் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டர், "இனிமே தாராளமா நடங்க" என்றார். மறுநாளே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதல் தெருவைத் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. வலியெல்லாம் இல்லை, சந்தோஷம்தான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் இவர் முகம் செத்து வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளிலிருந்து ஒரே உபசாரம். நான் எழுவதற்குள் தண்ணீர் கைக்கு வந்துவிடும். மாடியில் துணி உலர்த்தப் போனால், "நீ உக்காரு, நான் போறேன்" என்று வாளியைப் பிடுங்கிக்கொள்வார். கடைக்குப் போனால் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

"என்ன தப்பு பண்ணீங்க? மரியாதையா சொல்லிடுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்லையே" என்று திருதிருவென விழித்தார்.

குட்டு உடைந்தது போஸ்ட் ஆபீஸில். எங்கள் போஸ்ட் மாஸ்டர் என்னைவிடச் சின்னவள். அன்றைக்குக் காலைத் தபாலைக் கொடுத்துவிட்டு நான் திரும்பியதும் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உள்வேலை வேணும்னா நீங்களே கேட்டிருக்கலாமே. எதுக்கு சாரை அனுப்பினீங்க? நல்லாத்தானே நடக்கறீங்க?"

மேஜைமேல் அவருடைய குண்டுகுண்டான கையெழுத்தில் ஒரு கடிதம். என் உடல்நிலை கருதி என்னை நிரந்தரமாகத் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றும்படி தாழ்மையான வேண்டுகோள்.

"நாளைக்கு மேலிடத்துக்கு அனுப்பணும். போயிடுச்சுன்னா உங்க தெருவெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் திரும்பக் கிடைக்காது, அக்கா."

மறுபடியும் நாற்காலி. கோபம் தலைக்கேறியது. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன்.

கையுறை போட்டுக்கொண்டு ஒரு தட்டைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் முழங்காலைத்தான் பார்த்தார்.

"நடந்தா வந்த?"

"பறந்து வந்தேன். இது என்ன?" கடிதத்தை நீட்டினேன்.

மெஷினைக் காட்டினார். மூன்றாவது மூட்டு, எனக்கு வைத்த அதே வகை. முப்பது லட்சம் அடியில், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறதாம். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தேதிக்கு எதிரே நான் நடந்த அடிகள். என் கைப்பேசியிலிருந்து எனக்குத் தெரியாமல் தினமும் எடுத்திருக்கிறார், திருடன்.

"நீ தபால் குடுத்தா பன்னெண்டு வருஷம் தாங்கும். உக்காந்து வேலை பாத்தா இருபத்தஞ்சு."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே?"

"மெஷின் வேற, உடம்பு வேறன்னுதான் சொல்றார். தேஞ்சாலும் தட்டை மாத்திடலாமாம்."

"அப்புறம் என்ன?"

"மாத்தறதுன்னா இன்னொரு ஆபரேஷன்." கையுறையைக் கழற்ற முடியாமல் கழற்றினார். "அன்னிக்கு உன்னை ரெண்டு மணி நேரம்னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நாலரை மணி நேரம் ஆச்சு. யாரும் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லல. அந்த பெஞ்சுல இன்னொரு தடவை என்னால உக்கார முடியாதும்மா."

இதை இவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது சிரித்துக்கொண்டு நின்றவர் இவர். கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை விடவில்லை.

"நான் ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேனே, ஞாபகம் இருக்கா? அப்ப என் முழங்காலுக்கு நடை குறைச்சல்தான். நான் சந்தோஷமா இருந்தேனா?"

"இல்ல."

"உங்க கூடவாவது ஒழுங்கா பேசினேனா?"

"திட்டினே. தினமும்."

"இருபத்தஞ்சு வருஷம் அந்தத் திட்டு வேணுமா?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல, பன்னெண்டு வருஷம்னாலும் நடக்கற நீதான் வேணும்" என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். போஸ்ட் மாஸ்டர் முன்னால் குற்றவாளி மாதிரி நின்று, "தெரியாம குடுத்துட்டேன்மா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைத் தன் கையாலேயே கிழித்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மத்தியானத் தபாலை என் பக்கம் தள்ளினாள்.

பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கிளம்பாமல் வாசலிலேயே நின்றார்.

"நானும் வரட்டா?"

"வழியில மூச்சு வாங்கினா தூக்கிட்டு வர மாட்டேன்."

வந்தார். முதல் தெருவில் மூன்று வீட்டுக்குத் தபால் கொடுத்தேன். நான்காவது வீட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தால், அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அடியை எண்ணறீங்களா?"

மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்தார். "நிறுத்தத்தான் பாக்கறேன். முடிய மாட்டேங்குது."

பேச்சுக் கொடுத்தால் யாராலும் எண்ண முடியாது. அன்றைக்குக் கடைசி வீடு வரைக்கும் நான் வாய் மூடவே இல்லை.